கொரோனாவில் குருவானவர் வராமலே இறந்தவரின் ஆன்மா கதி என்ன?

கத்தோலிக்க வீடுகளில் இன்னும் ஆறாத கேள்வி இது. நோயில் பூசுதல் என்பது குருவானவர் நோயாளியின் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி மன்றாடும் அருளடையாளம். கொரோனா வார்டுகள் பலவற்றில் அவரால் நுழையவே முடியவில்லை.

இதற்காகவே 2020 மார்ச் 20 அன்று வத்திக்கான் ஓர் ஆணை வெளியிட்டது. வாழ்நாளில் ஏதேனும் செபம் சொல்லிவந்து, நல்ல மனநிலையோடு இறப்பவருக்குப் பரிபூரண பலன் உண்டு. அதாவது, மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கு மிஞ்சிய தண்டனையும் நீங்கும். பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவ அறிக்கை), நற்கருணை வாங்குதல், திருத்தந்தையின் (போப்பின்) கருத்துக்காகச் செபம் ஆகிய வழக்கமான மூன்று நிபந்தனைகளையும் திருச்சபையே ஈடுசெய்கிறது. ஏனென்றால் அருளைத் தருபவர் கடவுள். குருவானவர் வர முடியாததால் அது நின்றுவிடாது. பாலம் அறுந்த ஊருக்கு ரேஷன் அரிசி படகில் போவதில்லையா, அதுபோல.

துக்க வீட்டாரிடம் "கடவுள் சித்தம்" என்று மட்டும் தொடங்காதீர்கள். முகம்கூடப் பார்க்காமல் அடக்கம் செய்தவர்களுக்கு அது தண்டனைபோல் கேட்கும். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அவர்களைப் பேச விடுங்கள். நினைவுத் திருப்பலி எத்தனை வருடம் கழித்தும் வைக்கலாம். அன்றே கல்லறையை மந்திரிக்கவும் (செபித்து ஆசீர்வதிக்கவும்) பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

அழுதால் விசுவாசக் குறைவு என்று சிலர் அடக்குவார்கள். அது தவறு, இறந்த நண்பர் லாசரை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார் (யோவான் 11:35).