2025இல் இங்கிலாந்துக் கால்பந்து லீக்கில் 17ஆம் இடம் வந்த அணி சாம்பியன்ஸ் லீக் ஆடப் போனது, அதே நாட்டின் எஃப்ஏ கப் கிண்ணத்தை வென்ற அணி அடித்தட்டுப் போட்டிக்குப் போனது. ஐரோப்பியப் போட்டிகளுக்குக் கழகங்கள் எப்படித்தான் தகுதி பெறுகின்றன?

கேள்வியின் முதல் பாதியை வைத்தே சொல்கிறேன், நீங்கள் மான்செஸ்டர் யுனைடெட் ஆள். 2025 மே 21 இரவு பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில், அந்த 17ஆம் இடத்து டோட்டன்ஹாமிடம் 1-0 என்று தோற்ற வயிற்றெரிச்சல் அந்த "17ஆம் இடம்" என்பதிலேயே தெரிகிறது. அந்த ஆண்டு 15ஆம் இடத்தில் வந்தது யார் என்று நான் கேட்க மாட்டேன். கேள்வியின் இரண்டாம் பாதி எங்களைப் பற்றியது. கப் வென்றும் கீழே இறக்கப்பட்டவர்கள் நாங்கள்தான், கிரிஸ்டல் பேலஸ். அதனால்தான் நித்திரையை விட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சட்டத்தரணி இல்லை. தெற்கு லண்டனில் தோண்டன் ஹீத்தில் இருக்கிறேன். பேலஸின் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க் நடந்து போகும் தூரம். மட்ச் நாளில் எங்கள் தெருவில் கார் விட இடம் கிடைக்காது. இருபது வருடமாக அந்தக் கரைச்சலைப் படுகிறவனுக்கு இந்தக் கழகத்தைப் பற்றிக் கதைக்கக் கொஞ்சம் உரிமை இருக்கும்தானே.

2025 மே 17, சனிக்கிழமை. வெம்பிளியில் எஃப்ஏ கப் இறுதியாட்டம், மாலை நாலரைக்கு, மான்செஸ்டர் சிட்டியோடு. அதே நாள் அக்காவின் மகளுக்குச் சாமத்திய வீடு. மண்டபம் பதினொரு மாதத்துக்கு முன்பே எடுத்தது. பேலஸ் இறுதிக்கு வரும் என்று பதினொரு மாதத்துக்கு முன் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். நான் தாய்மாமன். வராமல் விட்டால் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள்.

ஃபோனை மருமகனிடம் கொடுத்து வீடியோக்காரருக்குப் பின்னால் நிறுத்தினேன். ஒரு விரலைக் காட்டினால் கோல் எங்களுக்கு, கும்பிட்டால் அவர்களுக்கு. இதுதான் எங்கள் ஒப்பந்தம். ஆட்டத்தின் 16ஆம் நிமிடம், நான் மேடையில் பழத்தட்டத்தோடு நிற்கிறேன், அவன் விரலைத் தூக்கினான். எங்கள் முன்யோஸ் வலப்பக்கத்திலிருந்து கொடுத்த பந்தை எஸே நிலத்தில் படவிடாமலே அடித்ததைப் பிறகுதான் பார்த்தேன். தட்டத்திலிருந்து ஒரு மாதுளம்பழம் உருண்டு ஐயரின் காலடிக்குப் போனது மட்டும் வீடியோவில் துல்லியமாக இருக்கிறது. 36ஆம் நிமிடத்தில் மருமகன் கும்பிட்டான், உடனே கையை எடுத்துவிட்டுத் தலையை அங்கும் இங்கும் ஆட்டினான். சிட்டியின் மர்மூஷ் அடித்த பெனால்டியை எங்கள் கோலி ஹெண்டர்சன் தடுத்திருக்கிறார்! அதற்குச் சைகை பேசி வைக்கவில்லை. விளங்க இரண்டு நிமிடம் எடுத்தது. கடைசியில் கூட்டிக் கொடுத்த பத்து நிமிடத்தையும் மண்டபச் சமையலறையில், சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 1990, 2016 என்று இரண்டு இறுதியாட்டம் தோற்றவர்கள் நாங்கள், இரண்டும் உங்கள் யுனைடெட்டிடம். 1905இல் தொடங்கிய கழகத்துக்கு இதுதான் முதல் பெரிய கிண்ணம். நான் அழவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டு மேசையில் அத்தான் கேட்டார், "சரி, வெண்டாச்சு. இனி என்ன, யூரோப்பாவோ?" அத்தான் அர்செனல். கணக்காளர் வேறு. அவருக்கு எதையும் பெட்டி போட்டுக் காட்டினால்தான் ஏறும். கை துடைக்கும் கடதாசி ஒன்றை எடுத்து வரைந்து காட்டினேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

மேல்தட்டு சாம்பியன்ஸ் லீக். நடுவில் யூரோப்பா லீக். அடியில் கான்ஃபரன்ஸ் லீக், 2021இல் வந்தது. இங்கிலாந்தில் லீக் பட்டியலின் முதல் நான்கு பேரும் மேல்தட்டுக்குப் போவார்கள். ஐந்தாம் இடத்தவர் நடுத்தட்டுக்கு. எஃப்ஏ கப் வென்றவரும் நடுத்தட்டுக்கு. இன்னோர் உள்ளூர்க் கிண்ணமான லீக் கப்பை வென்றவர் அடித்தட்டுக்கு. அடிப்படை இவ்வளவுதான். மிச்சக் குழப்பத்தில் முக்கால்வாசி, ஏற்கெனவே ஓர் இடம் வைத்திருப்பவன் இன்னோர் இடத்தையும் வென்றால் அது யாருக்குப் போகும் என்பதில்தான் இருக்கிறது.

அந்த ஆண்டு நடந்ததைப் பாருங்கள். லீக் கப்பை நியூகாசில் வென்றது, மார்ச் 16, லிவர்பூலுக்கு எதிராக. ஆனால் அவர்கள் லீக்கில் ஐந்தாவதாக வந்து சாம்பியன்ஸ் லீக்குக்கே போய்விட்டார்கள். ஆகவே லீக் கப்பின் அடித்தட்டு இடம் பட்டியலில் இறங்கி 7ஆவதாக வந்த நோட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போனது. ஐந்தாம் இடத்துக்கு எப்படிச் சாம்பியன்ஸ் லீக் என்று கேட்பீர்கள். 2024-25 முதல் ஒரு புது ஏற்பாடு. அந்த ஒரு பருவத்தில் ஒரு நாட்டுக் கழகங்கள் ஐரோப்பாவில் எடுத்த புள்ளிகளை எல்லாம் கூட்டி, கழகங்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். முதல் இரண்டு நாடுகளுக்கு அடுத்த பருவச் சாம்பியன்ஸ் லீக்கில் தலா ஓர் இடம் கூடுதலாகக் கிடைக்கும். முதல் தடவை இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் கிடைத்தது, பொலோனியாவும் டோர்ட்முண்டும் ஐந்தாவதாக வந்து உள்ளே போனார்கள். அடுத்தது இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும். ஏப்ரல் 8 அன்று அர்செனல் ரியல் மாட்ரிட்டை 3-0 என்று அடித்தபோது இங்கிலாந்தின் இடம் உறுதியானது. நியூகாசிலுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தது அர்செனல்தான் என்று அத்தான் இன்றைக்கும் சொல்வார். அதே 66 புள்ளியோடு கோல் வித்தியாசத்தில் ஆறாவதான ஆஸ்டன் வில்லா யூரோப்பாவுக்கு இறங்கியது.

இனி உங்கள் 17ஆம் இடம். யூரோப்பா லீக்கை வெல்பவருக்கு அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் பரிசு. அவர் உள்ளூரில் எத்தனையாவதாக வந்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. அது தனி வாசல், நாலாம் ஐந்தாம் ஆளின் கதிரையை இழுத்து எடுக்காது. அதனால்தான் 2025-26இல் இங்கிலாந்திலிருந்து மேல்தட்டில் ஆறு பேர். கான்ஃபரன்ஸ் லீக்கைச் செல்சீ வென்றது. அதன் பரிசு யூரோப்பா இடம். ஆனால் லீக்கில் நாலாவதாக வந்து அவர்கள் மேல்தட்டுக்குப் போய்விட்டதால் அந்தப் பரிசு அப்படியே கரைந்தது, கீழே யாருக்கும் இறங்கவில்லை. உள்ளூர்க் கப் இடம் இறங்கும், ஐரோப்பியக் கப் இடம் இப்படி இறங்காது. பலருக்குப் பிசகுவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. சிட்டி வென்றிருந்தால், அவர்கள் ஏற்கெனவே மேல்தட்டு என்பதால், கப் இடம் ஃபாரஸ்டுக்குப் போய், ஃபாரஸ்டின் அடித்தட்டு இடம் 8ஆவதாக வந்த பிரைட்டனுக்குப் போயிருக்கும். பிரைட்டன் எங்கள் பரம வைரி. எஸே அடித்த ஒரு கோலில் எங்களுக்கு ஒரு கதவு திறந்து அவர்களுக்கு ஒன்று மூடியது.

இங்கிலாந்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்று கேட்டால், கடைசி ஐந்து பருவங்களின் புள்ளிகளை வைத்து நாடுகளைத் தரவரிசைப்படுத்துகிறார்கள். முதல் நான்கு நாடுகளுக்கு நான்கு நான்கு நேரடி இடங்கள், பிறகு குறைந்துகொண்டே போகும். சின்ன நாட்டுச் சாம்பியன் ஜூலை மாதமே தகுதிச் சுற்று ஆடத் தொடங்க வேண்டும். கசகஸ்தானின் கைராட் 2025இல் நாலு சுற்று ஆடி, கடைசியில் செல்ட்டிக்கைப் பெனால்டியில் விழுத்தித்தான் உள்ளே வந்தது.

அத்தானுக்கு எல்லாம் விளங்கியது. கடதாசியில் நடுத்தட்டுப் பெட்டிக்குள் "பேலஸ்" என்று நானே எழுதி, கீழே கையெழுத்தும் வைத்தேன். அதுதான் நான் செய்த பிழை.

ஏனென்றால் கடதாசியில் நான் வரையாத ஒரு பெட்டி இருந்தது. ஒரே ஆள், அல்லது ஒரே நிறுவனம், ஒரே ஐரோப்பியப் போட்டியில் இரண்டு கழகங்கள் மேல் தீர்மானிக்கும் செல்வாக்கு வைத்திருக்கக் கூடாது. அப்போது பேலஸில் ஜான் டெக்ஸ்டரின் ஈகிள் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 43 சதவீதப் பங்கு இருந்தது. அதே நிறுவனத்தின் கையில்தான் பிரான்ஸின் லியோனும் இருந்தது. அந்த ஆண்டு லியோனும் யூரோப்பா. இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம் என்றால், உள்ளூர் லீக்கில் மேலே வந்தவர் இருப்பார். லியோன் 6ஆவது, நாங்கள் 12ஆவது. முடிந்தது கதை.

பங்கை விற்றுவிடலாமே என்பீர்கள். விற்றார். ஆனால் இந்தச் சிக்கலைத் தீர்க்க, ஐரோப்பியப் போட்டிகளை நடத்தும் யூஈஎஃப்ஏ வைத்த கடைசி நாள் 2025 மார்ச் 1. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் வரை விட்டிருந்தார்கள், இந்த முறை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். மார்ச் 1 அன்று நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் தெரியுமா? செல்ஹர்ஸ்ட் பார்க்கில் மில்வாலோடு எஃப்ஏ கப் ஐந்தாம் சுற்று. எட்டாம் நிமிடத்தில் மில்வால் கோலி பந்தை விட்டு எங்கள் மட்டேட்டாவின் தலையை உதைத்தார், சிவப்பு அட்டை. மட்டேட்டாவின் காதில் 25 தையல். 3-1 என்று வென்றோம். இன்னும் மூன்று ஆட்டம் மிச்சம். காதைத் தைத்துக்கொண்டிருந்த அன்றைக்கே, வெல்லாத ஒரு கிண்ணத்துக்காகப் பங்குப் பத்திரத்தை மாற்றி வைத்திருக்க வேண்டுமாம்.

"சட்டம் என்றால் சட்டம்தான்" என்று எழுத வருபவர்களுக்கு. தெரியும். திகதியைத் தவறவிட்டது எங்கள் நிர்வாகம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஆட்களின் பங்கு இரண்டிலும் இருந்தும் 2024இல் சிட்டியும் ஸ்பெயினின் ஜிரோனாவும் ஒரே சாம்பியன்ஸ் லீக்கில் ஆடினவே. அதே மாதிரி உங்கள் யுனைடெட்டும் பிரான்ஸின் நீஸும் ஒரே யூரோப்பாவில் ஆடினவே. பங்கை மூன்றாம் ஆளின் பொறுப்பில் ஒப்படைத்து வழி கண்டார்கள், நேரமும் இருந்தது. எங்களைவிடப் பாவம் அயர்லாந்தின் ட்ரோஹெடா யுனைடெட். அவர்களும் நாட்டின் கப்பை வென்றவர்கள். முதலாளிக்கு டென்மார்க்கில் சில்கபோர்க் என்று இன்னொரு கழகம். இருவரும் அடித்தட்டுப் போட்டியில் என்பதால் அதற்குக் கீழே இறக்க இடமே இல்லை. அப்படியே வெளியே போட்டுவிட்டார்கள்.

ஜூன் 24 அன்று லியோனை அதன் கணக்குகளுக்காக இரண்டாம் பிரிவுக்கு இறக்கினார்கள். அடுத்த இரண்டு வாரம் நான் பிரெஞ்சுக் கழகங்களின் வரவுசெலவைப் படித்த அளவுக்கு என் வீட்டுக் கணக்கைப் படித்ததில்லை. ஜூலை 9 மேன்முறையீட்டில் லியோன் தப்பியது. ஜூலை 11 எங்களை இறக்கினார்கள், எங்கள் இடம் ஃபாரஸ்டுக்கு, அவர்களின் இடம் எங்களுக்கு. ஆகஸ்ட் 10 லீக் சாம்பியன் லிவர்பூலைப் பெனால்டியில் வென்று, பருவத் தொடக்கக் கிண்ணமான கம்யூனிட்டி ஷீல்டையும் தூக்கினோம். மறுநாள் 11, விளையாட்டுக்கான நடுவர் மன்றம் எங்கள் மேன்முறையீட்டைத் தள்ளியது. ஒரு நாள்கூட நிம்மதியாகக் கொண்டாட விடவில்லை.

இது முதல் தடவையும் இல்லை. 1990-91இல் லீக்கில் மூன்றாவதாக வந்தோம். 1985இல் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் எதிரணி ரசிகர்கள் மேல் பாய்ந்ததில் நடந்த அனர்த்தத்துக்குப் பிறகு, ஐரோப்பியப் போட்டிகளில் ஆங்கிலக் கழகங்களுக்கு ஐந்து ஆண்டு தடை, லிவர்பூலுக்கு இன்னும் ஓர் ஆண்டு கூடுதலாக. சரியாக 1991இல் லிவர்பூலின் தடை நீங்கியது. இங்கிலாந்துக்கு இருந்தது ஒரேயொரு யூஈஎஃப்ஏ கப் (இன்றைய யூரோப்பா லீக்) இடம். இரண்டாவதாக வந்த லிவர்பூல் அதை எடுத்துக்கொண்டது, நாங்கள் வீட்டில் இருந்தோம். 39 உயிர் போன விடயம், தடையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் லிவர்பூல் செய்ததற்குப் பேலஸ் ஏன் வீட்டில் இருக்க வேண்டும்?

கடைசித் திகதி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. சாமத்திய வீட்டு மண்டபக்காரர் பதினொரு மணிக்குத் திறப்பைக் கேட்டார். நாங்கள் கதிரை அடுக்கிக் கூட்டி முடிக்கப் பதினொரு மணி பன்னிரண்டு நிமிடம். முழு ஒரு மணித்தியாலக் காசை முற்பணத்தில் கழித்துவிட்டார். பின்னேரம் அவர்கள் முக்கால் மணித்தியாலம் பிந்தித் திறந்ததற்கு என்ன கழிவு என்று கேட்டேன். அது வேறு விடயமாம். கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை, தெரியும், விடுங்கள்.

ஜூலையில் தீர்ப்பு வந்த அன்று அத்தான் அந்தக் கடதாசியைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். என் கையெழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மூன்று நாள் நான் குழுவில் வாய் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 21, கான்ஃபரன்ஸ் லீக் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டம், செல்ஹர்ஸ்ட் பார்க்கில், நார்வேயின் ஃபிரெட்ரிக்ஸ்டாடோடு. அடித்தட்டுக்குக்கூட நேரே போக முடியாது, இரண்டு ஆட்டம் ஆடித்தான் போக வேண்டும். மருமகனைக் கூட்டிக்கொண்டு போனேன். மைதானத்தோடு ஒட்டினாற்போல் ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது, அங்கே சான்ட்விச் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். அந்த வாரம்தான் எஸே அர்செனலுக்குப் போகிறார், அத்தான் காலையிலேயே செய்தி அனுப்பிவிட்டார். காது தைத்த மட்டேட்டா இரண்டாம் பாதியில் ஒன்று போட்டார், 1-0. ஒரு கிழமை கழித்து நார்வேயில் 0-0, உள்ளே போனோம்.

அன்றிரவு நடந்து வரும்போது மருமகன் கேட்டான், "மாமா, இந்த லீக்கை வெண்டால் என்ன கிடைக்கும்?"

"அடுத்த வருசம் யூரோப்பா லீக்."

கொஞ்சத் தூரம் பேசாமல் நடந்தான். "அதைத்தானே மே மாசமே வெண்டனாங்கள்?"