நாணயச் சேகரிப்பு: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: 1803-ஆம் ஆண்டின் அமெரிக்க ஐந்து டாலர் தங்கக் காசு, ஹாஃப் ஈகிள், விலைக்கு வந்திருக்கிறது. பின்புறக் கழுகின் நெஞ்சில் வரிவரியாகக் கீறல்கள். யாராவது சுரண்டியிருப்பார்களா?

பதில்: அரம் போட்ட தடமாக இருக்கலாம். பிலடெல்பியா நாணயச்சாலையில் அச்சடிக்கும் முன்பே வெறும் தங்க வில்லைகளை நிறுத்துப் பார்த்தார்கள். சட்டப்படி எடை 135 கிரெய்ன், அதாவது 8.75 கிராம். கூடினால் அரத்தால் ராவிக் குறைப்பார்கள். அச்சின் அழுத்தம் போதாத மேடான இடங்களிலும் விளிம்போரத்திலும் அந்த வரிகள் தங்கிவிட்டன. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். கரை மழுங்கி, வெற்றுப்பரப்புக்கு வந்ததும் மங்கினால் அது அரத் தடம். மேடு பள்ளம் எல்லாவற்றையும் ஒரே ஆழத்தில் கடந்து, ஓரத்தில் உலோகம் பிதுங்கியிருந்தால் பிற்காலக் கீறல்.

அரத் தடம் விலையைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். கவலைப்பட வேண்டியது விளிம்பைப் பற்றி. இந்தக் காசுகளில் பல, வளையம் பற்றவைத்து நகையாக அணியப்பட்டவை. காசைச் சுற்றிப் பாருங்கள். உச்சியில் விளிம்பு வரிகள் அடைபட்டோ நிறம் மாறியோ இருந்தால் பற்றாசின் மிச்சம். அப்படிப்பட்டதை நல்ல காசின் விலைக்கு வாங்காதீர்கள்.

கேள்வி: அடர்த்தியை அளந்து அசலா என்று கண்டுபிடிக்கலாமா?

பதில்: மட்டமான போலியைக் கழிக்கலாம். இது 22 காரட், கலவை வெள்ளியும் செம்பும்; அடர்த்தி 17.5-க்கும் 18-க்கும் இடையே வர வேண்டும். நூலில் தொங்கவிட்டு நீரில் முக்கினால் எடை அரை கிராம் அளவுக்குத்தான் குறையும்; காசின் எடையை அந்தக் குறைவால் வகுத்தால் அடர்த்தி. 0.01 கிராம் தராசில் ஒரு புள்ளி பிசகினாலே விடை 2 சதவீதம் மாறிவிடும்; 0.001 கிராம் தராசு வேண்டும். பிறகு ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். துடைத்தால் மயிரிழைக் கீறல் விழும். சரியான தங்கத்திலேயே செய்த போலியும் இந்தச் சோதனையில் தேறிவிடும். அதற்கு அச்சு நுணுக்கம் தெரிந்தவரின் கண் தேவை.

கேள்வி: ஆயிரக்கணக்கில் அடித்தார்களாமே, எங்கே போயின?

பதில்: தங்கத்தை உருக்கும் கலத்துக்கு. 1792-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பங்கு தங்கத்துக்கு 15 பங்கு வெள்ளி என்று மதிப்பு வைத்தது. ஐரோப்பாவில் தங்கத்துக்கு அதைவிட அதிக வெள்ளி கிடைத்ததால் காசுகள் உருக்கப்படக் கப்பலேறின. 1834-இல் ஹாஃப் ஈகிளை 8.36 கிராமாகக் குறைத்ததும், பழைய காசில் புதுக் கணக்குப்படி சுமார் 5.33 டாலர் தங்கம் இருந்தது. யார் செலவழிப்பார்கள்? 1822-ஆம் ஆண்டுக்குரிய கணக்கில் 17,796 காசுகள். இன்று அறியப்பட்டவை மூன்றே. அவற்றில் இரண்டு வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 1834 முதல் 1838 வரையிலான ‘கிளாசிக் ஹெட்’ வகையைத் தேடலாம். 1834-இல் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல் அடித்தார்கள். பின்புறத்தில் ‘ஈ ப்ளூரிபஸ் ஊனம்’ (‘பலவற்றிலிருந்து ஒன்று’) என்ற லத்தீன் வாசகம் இருக்காது. எடை குறைந்த காசை அடையாளம் காட்டவே அதை எடுத்துவிட்டார்கள்.