பழைய இரும்பில் பெல்ட் கிரைண்டர்: கேட்டவர்களுக்குப் பதில்

மட்டக்குளியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. அதற்குள் இதுவரை மூன்று பெல்ட் கிரைண்டர் செய்திருக்கிறேன், மூன்றும் பழைய இரும்பில்தான். மோட்டர் ஓட்ட, மூன்று சில்லுகளைச் சுற்றி ஓடும் மணல்தாள் மாதிரிப் பெல்ட்டில் இரும்பு, மரம் தேய்க்கிற மெஷின் அது. மூன்றாவதின் படத்தைப் போட்ட நாளில் இருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன, தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

தெமட்டகொடையில் இருந்து ஒரு தம்பி: அண்ணா, சட்டத்துக்குப் பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) எல்லாம் அளந்து வெட்டப் போகிறேன். உயரம் எவ்வளவு வைக்க?

தம்பி, இன்னும் வெட்டவில்லைதானே? நல்லது. முதலில் போய்ப் பெல்ட்டை வாங்குங்கள். வீடியோக்களில் கத்தி செய்கிறவர்கள் போடுவது பெரும்பாலும் 2 அங்குல அகலம், 72 அங்குல நீளம், அதாவது கிட்டத்தட்ட 50 மில்லிமீட்டருக்கு 1830. அதைப் பார்த்து அப்படியே சட்டம் அடித்துவிட்டு, பிறகு அந்த அளவில் பெல்ட் கிடைக்காமல் அலைகிறவர்கள் நிறையப் பேர். பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் கடைகளில் ஏறி இறங்கி, எந்த அளவு எப்போது போனாலும் கிடைக்கும் என்று கேளுங்கள். அந்த அளவுக்குத்தான் மெஷின். 4 அங்குல அகலமான துணிப் பெல்ட் கிடைத்தால் அதுவும் நல்லதுதான், பின்பக்கத்தில் பிளேட்டால் நடுவில் ஒரு வெட்டுப் போட்டு இழுத்தால் நீளத்துக்கு நேராகக் கிழியும், ஒன்று இரண்டாகிவிடும். பெல்ட்டை மூன்று சில்லுகளைச் சுற்றி நிலத்தில் வைத்துச் சோக்கால் கோடு போட்டுப் பாருங்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற இழுவைக் கை மேலும் கீழும் ஐந்தாறு சென்டிமீட்டராவது அசைய இடம் விட்டு, அப்புறம் வெட்டுங்கள்.

கொட்டாஞ்சேனையில் இருந்து: வீட்டில் பழைய தண்ணி மோட்டர் ஒன்று கிடக்கிறது, அரை ஹோர்ஸ் பவர். போதுமா?

கத்தி தீட்ட, சின்ன மரச் சாமான் தேய்க்கப் போதும். இரும்பை அழுத்திப் பிடித்துத் தேய்த்தால் மோட்டர் திணறி நின்றுவிடும். 50 மில்லிமீட்டர் பெல்ட்டுக்கு ஒரு ஹோர்ஸ் பவர் இருக்க வேண்டும், ஒன்றரை என்றால் மனம் நிறைய வேலை செய்யலாம்.

வேகத்தையும் பாருங்கள். நம் நாட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இதில் தண்ணி மோட்டர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2850 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும், வேறு மோட்டர்கள் சில 1440 ஓடும், மோட்டரில் ஒட்டியிருக்கும் தகட்டில் எழுதியிருக்கும். மோட்டர்ச் சில்லின் விட்டத்தை 3.14 ஆல் பெருக்கி, அதைச் சுற்றால் பெருக்கினால் பெல்ட் ஒரு நிமிடத்தில் ஓடும் தூரம் வந்துவிடும், 60 ஆல் வகுத்தால் செக்கனுக்கு. 100 மில்லிமீட்டர்ச் சில்லு 2850 இல் ஓடினால் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 15 மீட்டர், இரும்பைக் கழிக்க அது நல்ல வேகம். அதே சில்லு 1440 இல் ஏழரை மீட்டர்தான் தரும், மரத்துக்கும் கடைசி மெருகுக்கும் அது சரி.

மோட்டரின் உடம்பில் காற்று போகிற ஓட்டை இருந்தால் போடாதீர்கள். இரும்புத் தூள் உள்ளே போய்ச் சுருளில் படிந்து ஒருநாள் எரித்துவிடும். உடம்பு மூடியிருந்து, பின்னால் விசிறி மட்டும் இருக்கிறதுதான் வேண்டும்.

அவரே திரும்ப: முன்பக்கம் கதவு உள்ள வொஷிங் மெஷின் மோட்டர் என்றால்?

பிரஷ் உள்ள மோட்டர் என்றால் நேரே கரண்டில் கொடுக்கவே வேண்டாம். பாரம் இல்லாமல் விட்டால் அதன் வேகம் கட்டில்லாமல் ஏறும், சில்லு சிதறிப் பறக்கக்கூடும். பழைய இரும்புக் கடையில் மூன்று லைன் கரண்டில் ஓடுகிற த்ரீ பேஸ் மோட்டர் கிடந்தால் அதை விடாதீர்கள், வீட்டில் ஓடாது என்று எல்லோரும் ஒதுக்கிவிட்டுப் போவார்கள். தகட்டில் 230/400 என்று இருந்தால் உள்ளே உள்ள மூன்று சுருளையும் டெல்டாவாக, அதாவது முக்கோணமாக இணைத்து, வீட்டுக் கரண்டில் ஓடும் வி.எஃப்.டி. (மோட்டரின் வேகத்தை மாற்றுகிற பெட்டி) ஒன்றைப் போடலாம், வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். 400/690 என்று இருந்தால் அதற்கு ஒத்துவராது.

மாளிகாவத்தையில் இருந்து ஒரு வெல்டிங் வேலைக்காரர்: சட்டம் எனக்கு ஒரு மணித்தியால வேலை. சில்லுதான் பிரச்சினை. பலகையில் வெட்டிப் போடலாமா அண்ணா?

இந்த மெஷினின் உயிரே சில்லில்தான் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் குப்பையில் இருந்து பொறுக்கலாம், குறைக்கக்கூடாத செலவு இது ஒன்றுதான். என் முதல் மெஷினுக்குப் பிளைவுட்டைத்தான் வட்டமாக வெட்டிப் போட்டேன். மூன்று மாதம் அருமையாக ஓடியது. மழை தொடங்கியதும் ஈரம் குடித்து ஒரு பக்கம் ஊதி, மேசையே ஆடத் தொடங்கியது, தேய்த்த இரும்பெல்லாம் அலை அலையாக வந்தது. மோட்டர்ச் சில்லை லேத்தில் அலுமினியத்தில் கடைந்து எடுங்கள்.

மற்றச் சில்லுகளுக்குப் பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். வாகனங்களில் டைமிங் பெல்ட் ஓடுகிற சின்னச் சில்லுகள் கழற்றி விற்பார்கள், நடுவில் பேரிங்கோடு, வெளிப்பக்கம் வழுவழுப்பாக. கையில் சுழற்றிப் பார்த்து, கரகரவென்று சத்தம் வராததாகப் பொறுக்குங்கள். அதே இடத்தில் காரின் பின்கதவைத் தூக்கிப் பிடிக்கிற காஸ் தண்டும் கிடைக்கும், பெல்ட்டை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங்கை விட அது அமைதியான சாமான். புதிதாகப் பேரிங் வாங்குவதென்றால் 6203, உள்ளே 17, வெளியே 40, தடிப்பு 12. இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதுதான் வேண்டும், தகர மூடிக்குள் தூள் போய்விடும்.

லேத்காரரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். மேல் சில்லின் நடுப்பகுதி ஓரங்களை விட ஒரு மில்லிமீட்டர் அளவு மேடாக இருக்க வேண்டும். பெல்ட் எப்போதும் மேட்டைத் தேடித்தான் ஏறும், அதனால் நடுவிலேயே நிற்கும். பள்ளம் விழுந்த சில்லில் எந்தப் பெல்ட்டும் நிற்காது.

கிராண்ட்பாஸில் இருந்து: மேடு வைத்தும் பெல்ட் பக்கமாக ஓடிக் கழன்று விழுகிறது, இரண்டு பெல்ட் கிழிந்துவிட்டது.

சில்லுகள் ஒரே தளத்தில் இல்லை. நேரான அளவுகோல் ஒன்றை மூன்று சில்லுகளின் பக்கவாட்டிலும் வைத்துப் பாருங்கள், எங்கோ இடைவெளி தெரியும். பெரும்பாலும் முழு ஒட்டும் ஒரேயடியாக அடித்ததால் சூட்டில் சட்டம் இழுபட்டிருக்கும். புள்ளி ஒட்டு மட்டும் வைத்து, பெல்ட்டைப் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்து, நேராக நின்றால்தான் முழுதாக ஒட்ட வேண்டும். மேல் சில்லைச் சரிக்கத் தடித்த கதவுப் பிணைச்சல் ஒன்றும், அதைத் தள்ள ஒரு நீளப் போல்ட்டும் போதும். கால் சுற்றுத் திருப்பினாலே பெல்ட் நகர வேண்டும். நகரவில்லை என்றால் பிணைச்சல் ஆடுகிறது, மாற்றுங்கள்.

வெள்ளவத்தையில் இருந்து ஒரு அக்கா: தம்பி, நான் சிரட்டையில் கரண்டியும் கிண்ணமும் செய்கிறேன். இது எனக்கு உதவுமா?

நன்றாக உதவும் அக்கா. பின்னால் இரும்புத் தகடு இல்லாத பகுதியில், பெல்ட் தளர்வாக ஓடுகிற இடத்தில் பிடியுங்கள், வளைவுக்கு ஏற்ற மாதிரி அதுவும் வளைந்து கொடுக்கும். மெதுவான வேகம் போதும், வேகம் கூடினால் சிரட்டை கருகி மணக்கும். சிரட்டைத் தூள் மா மாதிரி நைசானது, வெறும் துணி கட்டி வேலை செய்யாதீர்கள், என்95 மாஸ்க் போடுங்கள். ஃபிளாட் வீடு என்றால் பல்கனியில் வேண்டாம், தூள் பக்கத்து வீட்டு உடுப்புக்கெல்லாம் போகும்.

ஒரே மெஷினில் யாராவது இரும்பும் தேய்ப்பதென்றால், முதலில் மரத்தூளை ஒட்ட வழித்து வெளியே எடுக்க வேண்டும். பொறி ஒன்று தூளுக்குள் விழுந்து மணிக்கணக்காகப் புகைந்து, எல்லோரும் படுத்த பிறகு பிடித்து எரியும். அலுமினியத் தூளும் இரும்புத் தூளும் ஒரே வாளியில் சேரவே கூடாது.

வத்தளையில் இருந்து: கையுறை போட்டுத்தானே வேலை செய்ய வேண்டும்?

தளர்ந்த கையுறை வேண்டாம், பெல்ட் விரலோடு இழுத்துவிடும். சாரம் கட்டிக்கொண்டு நிற்கவும் வேண்டாம், தயவுசெய்து. காற்சட்டை, மூடிய சப்பாத்து, கண்ணாடி. வேலையைத் தாங்குகிற தட்டு பெல்ட்டில் இருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டரில் நிற்க வேண்டும், அதற்கு மேல் இடைவெளி விட்டால் சாமானும் விரலும் உள்ளே போகும். சட்டத்துக்கு எர்த் வயர் கட்டாயம், ட்ரிப் சுவிட்ச் உள்ள லைனில் மட்டும் செருகுங்கள். நாகம் பூசிய குழாயில் சட்டம் செய்கிறவர்கள், ஒட்டுகிற இடத்தில் பூச்சை முழுதாகத் தேய்த்துவிட்டு வெல்டிங் பண்ணுங்கள், அந்தப் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

தெமட்டகொடைத் தம்பி: லொறி ஸ்பிரிங் பிளேட்டில் கத்தி செய்தேன், நுனி நீலமாகிவிட்டது.

300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால்தான் அந்த நீலம் வரும், அந்த இடத்தில் உருக்கின் கடினம் குறைந்துவிட்டது. நீலமான பகுதியை மெதுவாகக் கழித்து எடுங்கள். இனிமேல் பக்கத்தில் தண்ணி வாளி வைத்து, வெறுங்கையால் பிடித்து, விரல் சுடுகிறதென்றால் உடனே முக்குங்கள். மழுங்கிய பெல்ட்தான் அதிகம் சூடாக்கும், அதைப் பார்த்து மாற்றுங்கள்.

மருதானையில் இருந்து: லேத் பட்டறைக்கு நாளை போகிறேன். மோட்டர்ச் சில்லுக்கு என்ன அளவு எழுதிக் கொடுக்க?

அளவு எழுதிக் கொடுக்காதீர்கள், மோட்டரையே தூக்கிக்கொண்டு போங்கள். ஒரு ஆட்டோச் செலவுதான். ஷாஃப்ட்டில் போட்டுப் பார்த்து, ஆடாமல் இறுக்கமாக உட்காருகிறதா, சில்லு வழுக்காமல் பிடிக்கிற கீ சரியாக விழுகிறதா என்று அங்கேயே பாருங்கள்.