ஃபிரான்ஸுக்கு பெட்டி கட்டுறவங்க கேட்ட கேள்விகள், எனக்குத் தெரிஞ்ச பதில்கள்

வணக்கம். லீவுக்கு பாரீஸ் கெளம்புறவங்க, சொந்தக்காரங்களுக்கு என்னென்ன எடுத்துட்டுப் போலாம்னு கேட்டிருந்தீங்க. நான் புதுச்சேரி முத்தியால்பேட்டை, பொண்ணு அங்க குடும்பமா இருக்கா, வருசா வருசம் போயிட்டு வர்றதுல தெரிஞ்சத சொல்றேன்.

கடலூர் முதுநகர் அக்கா: தங்கச்சிக்கு நெத்திலிக் கருவாடு, இறால் ஊறுகா, வீட்டு நெய் கொண்டு போலாமா?

கருவாடும் இறால் ஊறுகாயும் தாராளமா கொண்டு போங்கக்கா, மீன் சாமான் ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் ஐரோப்பாவுல விடுறாங்க, வாசனை வராம காத்து புடுங்கி பேக் பண்ணிடுங்க. நெய் மட்டும் வேணவே வேணாம். பால் சாமான், கறி சாமான் எதுவும் கூடாது, கோழி ஊறுகாயும் பால்கோவாவும் அதுல சேர்த்திதான். மொதமொறை போனப்ப முருங்கக்கீரை போட்டு உருக்குன நெய் ஒரு கிலோ, பழைய பொடவைல சுத்தி வச்சிருந்தேன், ஆபீசரு தொறந்து மோந்து பாத்துட்டு என் கண்ணு முன்னாடியே குப்பைல போட்டாரு, வெளிய வந்து பொண்ண பாத்ததும் அழுதுட்டேன். கைக்கொழந்தைக்கு சீல் பிரிக்காத பால் பவுடர்னா 2 கிலோ வரைக்கும் விடுவாங்க.

பண்ருட்டி தம்பி: பலாப்பழம்? கறிவேப்பிலை?

ரெண்டும் கூடாது தம்பி. 2019 டிசம்பர்லருந்து பழம், காய், இலை எதுவா இருந்தாலும் நம்ம விவசாயத் துறை குடுக்குற பயிர் சுகாதார சான்றிதழ் வேணும், மாம்பழத்துக்கும் அதேதான். வாழைப்பழம், தேங்கா, அன்னாசி, பேரீச்சை, துரியன் இந்த அஞ்சுக்கு மட்டும் கேக்க மாட்டாங்க. ஆனா கொப்பரை ஃபிளைட்லயே ஏத்த மாட்டாங்க, எண்ணெய்ப் பசை இருக்கறதால தானா சூடேறி தீப்புடிக்கும். பலாப்பழத்துக்கு பதிலா உங்க ஊரு முந்திரி கொண்டு போங்க. கறிவேப்பிலை அங்க பாரீஸ்ல லா ஷப்பெல்ங்கிற ஏரியாவுல நம்ம கடைங்கள்லயே கெடைக்குது.

லாஸ்பேட்டை அண்ணன்: பேத்திக்கு ஒரு பவுன் செயின் போடணும், வரி உண்டா?

உண்டுண்ணே. ஃபிளைட்ல போற பெரியவங்களுக்கு ஆளுக்கு 430 யூரோ வரைக்கும்தான் வரி இல்ல, 15 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு 150. இன்னிக்கு விலைக்கு ஒரு பவுனே அத தாண்டிடும். நீங்களும் அண்ணியும் சேந்து போறீங்க, 860 ஆச்சேன்னு நெனைக்காதீங்க, ஒரே பொருள ரெண்டு பேரு கணக்குல பிரிக்க முடியாது, தாண்டுச்சுன்னா முழு விலைக்கும் வரி. பில்லு எடுத்துக்கிட்டு, வரி கட்ட வேண்டிய சாமான் இருக்கறவங்க போற ரெட் சேனல் வழியா நேரா போயி சொல்லிடுங்க. அன்பளிப்புதானே, காசுக்கு விக்கலயேன்னு சொன்னா எடுபடாது, மறைச்சுக் கொண்டு போயி புடிபட்டா அபராதம் கட்டணும், நகையும் கையவிட்டுப் போயிரும். நீங்க போட்டுட்டுப் போயி திரும்ப எடுத்துட்டு வர்ற நகை வேற, அது இந்தக் கணக்குல வராது.

இன்னொருத்தர்: மாமாவுக்கு நம்ம ஊரு பிராந்தி?

17 வயசு ஆயிருந்தா பிராந்தி மாதிரி சரக்கு 1 லிட்டர் ஓகே. ஆனா புதுச்சேரில வாங்குனத கார்ல வச்சு சென்னை ஏர்போர்ட் போறதுக்குள்ள தமிழ்நாட்டு செக்போஸ்ட் இருக்கு, புடிச்சா கேஸு. ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீல வாங்கிக்கோங்க.

அரியாங்குப்பம் தங்கச்சி: அப்பாவோட மாத்திரை? கொலுவுக்கு மயில் தோகையும் பொம்மையும்?

மாத்திரைய அட்டையோடயே வச்சு டாக்டர் சீட்டையும் கூட வைம்மா, அப்பாவுக்குத் தேவையான அளவுக்கு மட்டும். மயில் தோகை வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போறதே நம்ம நாட்டுல தடை. பொம்மைக்கு திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை வாங்கு, வெயிட்டே இருக்காது, பொடவைக்கு நடுவுல வச்சா மூக்கு ஒடையாம போய்ச் சேரும்.