58 வயதில் அரை மாரத்தான்: 15 கி.மீ.க்குப் பிறகு கால் ஏன் ஓய்கிறது?

கேள்வி: வயது 58. 10 கி.மீ. ஓட 54 நிமிடம் ஆகிறது. ஜனவரியில் சென்னை அரை மாரத்தானை 2 மணி நேரத்துக்குள் முடிக்க நினைத்தேன். முதல் 5 கி.மீ.யை 26:30-இல் கடந்தேன். 15-ஐத் தாண்டியதும் கால் ஓய்ந்துவிட்டது. முடிக்க 2:14 ஆனது. வாரம் நான்கு நாள் ஓடுகிறேன், அதில் மூன்று நாள் வேக ஓட்டம். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். அடுத்த முறை எதை மாற்ற வேண்டும்?

பதில்: பழியை வயதின் மேல் போடுவதற்கு முன் உங்கள் கணக்கைப் பாருங்கள். 10 கி.மீ.க்கு 54 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 5:24. நீங்கள் தொடங்கியது 5:18-இல். 21 கி.மீ. ஓட வேண்டிய நாளில், உங்கள் 10 கி.மீ. வேகத்தையே மிஞ்சியிருக்கிறீர்கள். தசையில் சேமித்திருந்த சர்க்கரைச் சத்தான கிளைகோஜன் அப்போதே மளமளவென்று செலவாகிவிட்டது. அதன் விளைவுதான் 15-இல் தெரிந்தது.

ஒரு தூரத்தின் நேரத்தை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் ரீகல் சூத்திரப்படி (தூர விகிதத்தை 1.06 அடுக்குக்கு உயர்த்தி நேரத்தால் பெருக்குவது) உங்கள் அரை மாரத்தான் நேரம் ஏறக்குறைய 1:59. குளிர்ந்த காலை, சமதளச் சாலை, நீண்ட ஓட்டப் பயிற்சி எல்லாம் அமைந்தால்தான் அது கைகூடும். சென்னையில் ஜனவரியிலும் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுவதால் உடல் குளிர்வதில்லை. வயது கூடக்கூட வியர்க்கும் திறனும் குறையும். ஆகவே அங்கே 2:03-ஐ இலக்காக வையுங்கள், அதாவது கி.மீ.க்கு 5:50. முதல் 3 கி.மீ.யில் கூட்டம் இழுத்தாலும் 5:55-ஐ விட வேகமாக ஓடாதீர்கள். 16-ஆவது கி.மீ.யில் சின்ன வாக்கியம் பேச மூச்சு இருந்தால் அங்கிருந்து வேகத்தைக் கூட்டலாம்.

வாட்சை முழுதாக நம்ப வேண்டாம். வளைவுகளில் அகலமாகத் திரும்புவதாலும் ஜி.பி.எஸ். பிழையாலும் முடிவுக்கோட்டில் அது 21.3 என்று காட்டக்கூடும். அப்போது வாட்சில் 5:50 ஓடினால் உண்மையில் 5:53 ஆகிவிடும். சாலையோர கி.மீ. பலகையைக் கடக்கும்போது மொத்த நேரத்தைப் பாருங்கள்: 5-இல் 29:25, 10-இல் 58:35.

வயது உண்மையிலேயே மாற்றுவது, உடல் தேறுவதற்கு ஆகும் காலத்தை. வாரம் மூன்று வேக ஓட்டம் உங்களுக்கு அதிகம். செவ்வாய் ஒன்று, ஞாயிறு நீண்ட ஓட்டம் ஒன்று, அவ்வளவே. மற்ற இரு நாளும் 6:30-க்கு மேல் மெதுவாக ஓடுங்கள். நீண்ட ஓட்டத்தை 12-இல் தொடங்கி 18 வரை ஏற்றி, நான்காவது வாரம்தோறும் கால் பங்கு குறையுங்கள். இந்த வயதில் முதலில் மக்கர் செய்வது கெண்டைக்காலும் குதிநாணும் (குதிகாலின் பின்புறத் தசைநாண்). படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மூன்று நொடி எடுத்து இறக்கி, பிறகு ஏற்றுங்கள். முட்டியை நீட்டி 12, லேசாக மடக்கி 12. மூன்று சுற்று, வாரம் இருமுறை. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது குதிநாண் விறைத்திருந்தால் அன்று வேக ஓட்டம் கிடையாது.

ஓட்டத்தில் 45-ஆவது நிமிடம் ஒரு ஜெல் (சர்க்கரைச் சத்துப் பாக்கெட்), 80-ஆவது நிமிடம் இன்னொன்று, தண்ணீரோடு. இதைப் பயிற்சியிலேயே வயிற்றுக்குப் பழக்கிவிடுங்கள். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் நீர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். அது இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும், ஆபத்து.

மாத்திரை விஷயத்தை மருத்துவரிடம் பேசாமல் பந்தயத்துக்குப் பதிவு செய்யாதீர்கள். அட்டெனலால், மெட்டோபிரலால் வகையென்றால் இதயத்துடிப்பு வழக்கம்போல் ஏறாது. வாட்ச் காட்டும் துடிப்பை வைத்து வேகத்தைக் கணிக்க முடியாது. டெல்மிசார்ட்டன் போன்றவையோ, நீர் பிரிக்கும் மாத்திரையோ என்றால், ஓட்டத்துக்கு முன் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைத் தொடவே கூடாது. உடலில் நீரும் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகம் கெடலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். டிரெட்மில் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் எது வந்தாலும், 20-ஆவது கி.மீ.யே ஆனாலும், நின்று அருகிலுள்ள தொண்டரிடம் சொல்லி ஆம்புலன்ஸை வரவழையுங்கள்.