வளவும் வாசகரும்

கேள்வி: ஐயா, வளவில் நின்ற பார்த்தீனியத்தைப் பூத்திருக்கும்போதே பிடுங்கி எருக்கும்பியில் போட்டேன். மாரி தொடங்கியதும் கும்பி முழுக்க முளைத்து நிற்கிறது. பூவை நுள்ளிப் பார்த்தால் காயுமில்லை, விதையுமில்லை. எங்கே ஒளித்து வைத்திருக்கிறது? — வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: காயைத் தேடினால் காணமாட்டீர்கள், தங்கச்சி. பார்த்தீனியம் சூரியகாந்திக் குடும்பம்; வெண்டி மாதிரி வெடித்து விதை கொட்டுகிற காய் அந்தக் குடும்பத்தில் கிடையாது. விதையென்று நாங்கள் சொல்வதுதான் அதன் பழம். ஒரு சூரியகாந்தி விதையைப் பல்லால் உடையுங்கள். துப்புகிற கோது பழத்தின் சுவர், தின்கிற பருப்புத்தான் விதை. பழத்துக்கு ஒன்றுதான்.

நீங்கள் நுள்ளியதும் ஒரு பூ அல்ல, பூக்கூட்டம். உளுந்தளவு வெள்ளைக்குள் ஐந்து மூலை தெரியும். மூலைக்கொரு பெண் பூ; நடுவில் நிற்பவை மகரந்தம் தரும், காய்க்காது. காய்ந்த ஒன்றை வெள்ளைத் தாளில் கசக்கி, கைவில்லையால் பாருங்கள். எள்ளிலும் சிறிய கறுப்புத் தட்டை, இரண்டு பக்கமும் வாடிய நடுப்பூ ஒவ்வொன்று ஒட்டியபடி. அதுதான் பழம். ஒரு வெள்ளைக்கு ஐந்து. ஒரு செடியில் எத்தனை வெள்ளை என்று எண்ணத் தொடங்கி இடையில் விட்டவன் நான். ஒரு கிளையில் மொட்டு நிற்க, மற்றக் கிளையில் முற்றி உதிரும். அதைத்தான் கும்பியில் விதைத்திருக்கிறீர்கள்.

மூக்குத்திப்பூண்டுக்குப் பஞ்சுக்குடை உண்டு, காற்றில் போகும். பூவின் புல்லிதான் அப்படி மயிராக மாறியது. பார்த்தீனியத்துக்கு அந்தக் குடை இல்லை. ரயர்ச் சேறு, வாய்க்கால் தண்ணீர், மாட்டுக் குளம்பு போதும். 1987இல் வந்த இந்திய இராணுவத்தின் ஆடுகளோடு வவுனியாவில் இறங்கியது என்பார்கள். கிளிநொச்சியில் எங்கள் வளவுக்கு வந்தது அத்திவாரம் நிரப்பப் பறித்த ஒரு டிப்பர் மண்ணோடு. மண் தந்தவரோடு இன்னும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

இப்போது முளைத்தவை இலை நிலத்தோடு படிந்து கிடக்கையிலேயே, மழை விட்ட ஈரத்தில் வேரோடு பிடுங்குங்கள். பூக்காததைத் திரும்பக் கும்பியிலேயே போடலாம். பூத்ததை உரப்பையில் கட்டி, காயவைத்து எரியுங்கள். கையுறை இல்லாவிட்டால் சொப்பிங் பையையாவது கட்டுங்கள்; வெறுங்கையால் பிடுங்கி எனக்கு முழங்கை வரை தடித்து, இரண்டு கிழமை சொறிந்தேன். அந்த எருவை இந்த முறை மிளகாய்ப் பாத்திக்குப் போடவே வேண்டாம்.