என் மனைவிக்கு டெக்சஸில் பாட்டி வழியாகக் கனிம உரிமை வந்திருக்கிறது. எண்ணெய் நிறுவனம் குத்தகைக்குக் கேட்கிறது. கையெழுத்துப் போடலாமா?

இந்த வாரம் போட வேண்டாம். கடிதத்தில் "பத்து நாளுக்குள்" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தாலும் வேண்டாம்.

நீங்கள் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். மிச்சத்தை நானே ஊகித்துக்கொள்கிறேன். பாட்டி போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். நிலத்தை அதற்கும் முன்பே விற்றிருப்பார்கள். திடீரென்று ஒரு தடித்த உறை, அதில் கேள்விப்படாத ஒரு கவுன்ட்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பெயர், ஏக்கருக்கு இத்தனை டாலர் என்று ஒரு தொகை. உங்கள் மனைவி ஏமாற்று வேலை என்று குப்பையில் போடப் போயிருப்பார். நீங்கள் தொகையைப் பார்த்துவிட்டு மேசைமேல் எடுத்து வைத்திருப்பீர்கள்.

எங்கள் வீட்டுக்கு அந்த உறை 2010-ல் வந்தது. என் கணவர் டெக்சஸ்காரர். அவருடைய முன்னோர் போலந்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். சான் அன்டோனியோவுக்குத் தென்கிழக்கே கார்ன்ஸ் கவுன்ட்டியில் பன்னா மரியா என்று ஒரு ஊர் இருக்கிறது. 1854-ல் போலந்துக்காரர்கள் வந்து இறங்கிய இடம். அதன் பக்கத்தில் கணவரின் தாத்தா 160 ஏக்கரில் பருத்தி போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதுகளில் நிலத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றபோது, அடியில் இருப்பதில் பாதியைத் தனக்கென்று நிறுத்திக்கொண்டு கிரயம் எழுதினார். அந்த ஒரு வரிதான் எங்களுக்கு வந்த சொத்து. தாத்தாவின் பாதி 80 ஏக்கர், அதில் பாதி 40 என் மாமியாருக்கு, மாமியாரின் பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கு 13.33. "நிகர கனிம ஏக்கர்" என்று லேண்ட்மேன் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

(லேண்ட்மேன் என்பவர் எண்ணெய் நிறுவனத்துக்காகப் பத்திரம் தோண்டி, வாரிசுகளைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குகிறவர். பெரும்பாலும் நல்லவர்கள்தான். ஆனால் அவர் நம் ஆள் இல்லை.)

எனக்கு முதலில் இது புரியவே இல்லை. நான் திருவாரூர்ப் பக்கம். கமலாபுரம், அடியக்கமங்கலம் என்று எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்து வளர்ந்தவள். அங்கே வயல் நம்முடையது, அடியில் இருக்கும் எண்ணெய் நம்முடையது இல்லை. ராயல்டி, அதாவது எடுக்கிற எண்ணெயின் விலையில் உரிமைக்காரருக்குத் தரும் பங்கு, அரசுக்குப் போகும். (2013-ல் உச்ச நீதிமன்றம் அடிமண் உரிமை நிலத்துக்காரருக்கே என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறதே என்று பின்னூட்டம் போடப் போகிறவர்களுக்கு: தெரியும். அது மலபார் நிலங்களைப் பற்றிய வழக்கு. டெல்டாவில் எந்த விவசாயி வீட்டுக்கு ராயல்டி காசோலை வருகிறது, காட்டுங்கள்.) எங்கள் அப்பாவின் வயலில் குழாய் போனபோது கிடைத்தது 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி சந்தை மதிப்பில் பத்து சதவீதம். அந்தச் "சந்தை மதிப்பு" எந்தச் சந்தையில் போட்டது என்று அப்பா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

டெக்சஸில் நேர்மாறு. அடியில் இருப்பது தனிச் சொத்து. அதைத் தனியாக விற்கலாம், எழுதி வைக்கலாம், குத்தகைக்கு விடலாம். அதைவிட வேடிக்கை, அடிமண் உரிமைதான் மேல் மண்ணுக்கு எஜமான். எண்ணெய் எடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு மேல் மண்ணில் பாதை போடலாம், கிணறு தோண்டலாம். தாத்தாவிடம் நிலத்தை வாங்கிய குடும்பம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. லாரிப் புழுதி அவர்களுக்கு, எங்கள் பாதிக்கான காசோலை எங்களுக்கு.

சரி, கதைக்கு வருகிறேன். முதல் கடிதத்தில் ஏக்கருக்கு 600 டாலர் போனஸ் (கையெழுத்துக்கு ஒரே தடவை தரும் பணம்), ராயல்டி பதினாறில் மூன்று, அதாவது 18.75 சதவீதம். ஆளுக்கு 8,000 டாலர். என் மூத்தார் நான்காம் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டார். "சும்மா கிடந்ததற்குப் பணம் தருகிறான், இதில் என்ன யோசனை?" என்றார். என் கணவரும் பேனாவை எடுத்துவிட்டார். நான்தான் தடுத்தேன்.

ஏன் தடுத்தேன் என்பதற்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை. நான் கல்யாணமாகி அமெரிக்கா கிளம்பும் முன், அண்ணன் என்னைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, பாப்பா" என்றார். படிக்காமல் போட்டேன். அது விடுதலைப் பத்திரம். என் பங்கு முழுவதையும் விட்டுக்கொடுத்திருந்தேன். படித்திருந்தாலும் ஒருவேளை கொடுத்திருப்பேன். ஆனால் படிக்கவில்லையே. அன்றிலிருந்து யாராவது பக்கத்தில் நின்றுகொண்டு "இங்கே ஒன்று, இங்கே ஒன்று" என்று விரலால் காட்டினால் எனக்கு வயிறு கலங்கும். அந்த லேண்ட்மேன் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அப்படித்தான் காட்டினார்.

அவர் நீட்டியது காசோலை இல்லை, டிராஃப்ட். நம் ஊரில் டி.டி. என்றால் ரொக்கம் மாதிரி, வங்கி முன்பே பணத்தை வாங்கிக்கொண்டுதான் தரும். இங்கே எண்ணெய் லீஸுக்குத் தரும் டிராஃப்ட் அது இல்லை. "பத்திரத்தில் வில்லங்கம் இல்லை என்று நாங்கள் திருப்திப்பட்டால் முப்பது வங்கி நாள் கழித்துப் பணம் வரும்" என்ற வாக்குறுதி. அதற்குள் அவர்கள் மனம் மாறினால் டிராஃப்ட் திரும்பிவிடும். நீங்கள் கையெழுத்துப் போட்ட லீஸ் மட்டும் அவர்கள் கையில். அதனால் பணமும் லீஸும் ஒரே சமயத்தில் கை மாற வேண்டும், அல்லது பணம் வரும்வரை லீஸைக் கவுன்ட்டி கிளார்க்கிடம் பதியக் கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

நாங்கள் எண்ணெய்-எரிவாயு லீஸ் மட்டுமே பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் போனோம். உயில் எழுதுகிறவர், விபத்து வழக்குப் பார்க்கிறவர் எல்லாம் இதற்கு உதவ மாட்டார்கள். நாத்தனாரும் சேர்ந்துகொண்டதால் செலவைப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அவர் முதலில் கேட்டது லீஸை இல்லை, மாமியாரின் உயிலை. மாமியார் பெயரிலிருந்து பிள்ளைகள் பெயருக்கு எதுவும் மாறியிருக்கவில்லை. டெக்சஸில் பட்டா கிடையாது, கவுன்ட்டி கிளார்க்கிடம் பதிந்திருக்கும் பத்திரச் சங்கிலிதான் எல்லாம். உயில் இருந்தால் இறந்து நான்கு வருஷத்துக்குள் நீதிமன்றத்தில் நிரூபித்துக்கொள்வது சுலபம். உயில் இல்லையென்றால், குடும்பத்தை அறிந்த, சொத்தில் பங்கில்லாத இரண்டு பேர் வாரிசுப் பிரமாணம் எழுதிக் கொடுப்பது வழக்கம். உங்கள் விஷயத்தில் பாட்டி, பிறகு மாமியாரோ மாமனாரோ என்று இரண்டு தலைமுறை விட்டுப்போயிருக்கலாம். இதை இப்போதே ஆரம்பியுங்கள்.

பிறகு லீஸை எடுத்தார். அச்சடித்த படிவம். கால அளவு மூன்று வருஷம் என்று இருந்தது. நம் ஊர்க் குத்தகை மாதிரி மூன்று வருஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த வரியில் "அதன்பின் எண்ணெயோ எரிவாயுவோ வந்துகொண்டிருக்கும்வரை" என்று இருந்தது. மூன்று வருஷத்துக்குள் ஒரு கிணறு ஓட ஆரம்பித்துவிட்டால் லீஸ் நம் பேரன் காலம்வரைகூடப் போகலாம்.

"எண்ணெய், எரிவாயு மற்றும் பிற கனிமங்கள்" என்று இருந்ததில் கடைசி மூன்று சொல்லை அடித்தார். கார்ன்ஸ் கவுன்ட்டியில் ஐம்பதுகளிலேயே யுரேனியம் கண்டுபிடித்திருக்கிறார்கள். எண்ணெய்க்கு வந்தவனுக்கு அதையும் ஏன் தாரை வார்க்க வேண்டும்? பல நிலங்களை ஒன்றாகச் சேர்த்துக் கிணறு போடும் கூட்டு யூனிட்டுக்குள் நம் நிலத்தின் ஒரு பகுதி மட்டும் போனால் மிச்சம் லீஸிலிருந்து விடுபட வேண்டும் என்று ஒரு ஷரத்துச் சேர்த்தார். சுத்திகரிப்பு, அழுத்தம், குழாய்ச் செலவு எதையும் ராயல்டியில் கழிக்கக் கூடாது என்பதற்குப் பெரிய பத்தி எழுதினார். ஒரு வரி போதாதா என்று கேட்டேன். போதாதாம். 1996-ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கில், "கழிக்கக் கூடாது" என்று லீஸில் இருந்தும், ராயல்டியைக் கிணற்று வாய் விலைப்படி (சந்தைக்குக் கொண்டுபோகும் செலவு போக மிஞ்சும் விலை) கணக்கிடுவதாகவும் எழுதியிருந்ததால், கழித்தது சரி என்றே தீர்ப்பானது.

எட்டு மாதம் இழுத்தது. அதற்குள் அந்தப் பக்கம் ஈகிள் ஃபோர்டு என்ற எண்ணெய்ப் பாறை அடுக்குக்கு எல்லோரும் அலைய ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் ஏக்கருக்கு 2,400 டாலர், ராயல்டி 25 சதவீதம். எங்களுக்கு 32,000. மூத்தார் அந்தத் தீபாவளிக்கு, மன்னிக்கவும், அந்தத் தேங்க்ஸ்கிவிங்குக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

"அதிர்ஷ்டம், நேரம் நன்றாக இருந்தது" என்பீர்கள். ஆமாம். கிராக்கி இல்லாத கவுன்ட்டியில் எட்டு மாதம் இழுத்தால் ஆள் போயே போய்விடுவான். அதனால் முதலில் ரயில்வே கமிஷன் இணையதளத்தின் வரைபடத்தைப் பாருங்கள். டெக்சஸில் எண்ணெய்க் கிணற்றுக்கு அனுமதி தருவது அந்தக் கமிஷன்தான், ரயிலுக்கும் அதற்கும் இப்போது சம்பந்தம் இல்லை. உங்கள் நிலத்தைச் சுற்றிப் புதிய அனுமதிகள் இருந்தால் பேரம் பேச இடம் இருக்கிறது. சொத்து ஓக்லஹோமாவில் இருந்தால் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பதில் போடாமல் உட்கார்ந்திருந்தால் ஆணையத்தின் உத்தரவு வாங்கி உங்களைக் கூட்டு யூனிட்டில் கட்டாயமாகச் சேர்த்துவிட முடியும்.

நான் வழக்கறிஞர் இல்லை. எல்லாம் தெரிந்த மாதிரி எழுதுகிறேன் என்று தோன்றினால் இதையும் படியுங்கள். கிணறு எண்ணெய் எடுக்கும் பாறை அடுக்கை மட்டும் நிறுவனம் வைத்துக்கொண்டு, மேலேயும் கீழேயும் இருப்பதை விட்டுவிட வேண்டும் என்று வழக்கறிஞர் ஷரத்து எழுதினார். நிறுவனம் கீழே இருப்பதை மட்டும் விடுகிறோம் என்றது. விட்டுக்கொடுக்காதீர்கள் என்று வழக்கறிஞர் சொன்னார். நானும் கணவரும், மேலே என்ன இருக்கப் போகிறது, பணம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து சம்மதித்தோம். ஈகிள் ஃபோர்டுக்கு நேர் மேலே இருப்பது ஆஸ்டின் சாக் என்ற சுண்ணாம்புப் பாறை. சில வருஷத்தில் கார்ன்ஸில் அதற்கும் கிராக்கி வந்தது. எங்கள் சாக் பழைய லீஸில் கட்டுண்டு கிடக்கிறது. அவர்களும் தோண்டவில்லை, வேறு யாருக்கும் கொடுக்க எங்களுக்கும் வழியில்லை. சொட்டுச் சொட்டாக ஓடும் ஒரு கிணறு மொத்தத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. அண்ணன் விஷயத்தில் படிக்காமல் போட்டேன், இங்கே படித்துவிட்டே போட்டேன்.

பணத்தை வைத்துப் பெரிய கணக்குப் போடாதீர்கள். 640 ஏக்கர் யூனிட்டில் எங்கள் பங்கு 0.00520833, அதாவது அரை சதவீதம் சொச்சம். இந்தப் பாறைக் கிணறுகள் முதல் வருஷத்திலேயே பாதிக்கு மேல் சரிந்துவிடும். 2014-ல் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்றது, 2016 ஆரம்பத்தில் முப்பதுக்குக் கீழே. 2020 ஏப்ரலில் ஒரு நாள் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது, அது வேறு கதை. போனஸுக்கு அந்த வருஷமே முழு வருமான வரி உண்டு. ராயல்டியில் 15 சதவீதத்தை டிப்ளீஷன் (அடியில் இருப்பது தீர்ந்துகொண்டே போவதற்கான வரிக் கழிவு) என்று கழித்துக்கொள்ளலாம், இதைக் கணக்காளரிடம் நினைவுபடுத்துங்கள். இன்னொன்று, இனிமேல் உங்களுக்கு வாரம் ஒரு கடிதம் வரும். சிலதில் லீஸ் மாதிரியே இருக்கும் தாள், தலைப்பில் மட்டும் "கனிமக் கிரயம்" என்று இருக்கும். அது குத்தகை இல்லை, விற்பனை.

போன மாதம் எங்களுக்கு வந்தது 212 டாலர். அதே நிலம், அதே கிணறு, மூத்தாருக்குக் கணக்குப்படி 159. எரிவாயுச் செலவெல்லாம் கழித்து அதற்கும் கீழேதான் கைக்கு வருகிறது. இப்போது பேசிக்கொள்கிறோம், ஆனால் எண்ணெயைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

உங்கள் மனைவிக்குக் கூடப்பிறந்தவர்களோ சித்தி, மாமா பிள்ளைகளோ இருந்தால் அவர்களுக்கும் அதே உறை போயிருக்கும். இன்று இரவே போன் போடச் சொல்லுங்கள்.